ரொறன்ரோவில் தெரியும் புள்ளி

சுபோதினிக்கு ரொறன்ரோவிலிருந்து ஃபோன் வந்த அன்று வெள்ளவத்தை வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். அண்ணன் பூபாலசிங்கம் அதைப் பெட்டியோடு சாமிப் படத்துக்கு முன் வைத்து எடுத்துத்தான் தங்கையின் கையில் கொடுத்தார். விலை கூடிய ஃபோன். திரையில் விரலை வைத்தால் விரலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும். பார்வை இல்லாதவர்களுக்கு இதுதான் நல்லதென்று அக்கா நேசம் நாலு இடத்தில் விசாரித்து வாங்கி, லீவில் கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.

“நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை சுபோ. எல்லாம் நானே போட்டு விட்டிருக்கிறன்” என்றாள்.

எங்கள் சனத்திடம் இப்படி ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஃபோன் அனுப்புகிறவர்கள் அதைத் தங்கள் பெயரிலேயே திறந்து, தங்கள் கடவுச்சொல்லையே போட்டு அனுப்பிவிடுவார்கள். அனுப்புகிறவருக்கு அது உதவி. வாங்குகிறவருக்கு அது என்னவென்று கொஞ்ச நாள் கழித்துத்தான் விளங்கும்.

நேசம் மூத்தவள். கனடாவுக்குப் போய் எத்தனையோ காலம். பூபாலசிங்கம் நடு, சுபோதினி கடைசி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு குடும்பத்துக்குத் தலை யார் என்று ஒருவரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. நேசம் தானாகப் போய் அந்தக் கதிரையில் இருந்துகொண்டாள், மற்ற இருவரும் அதற்குப் பழகிக்கொண்டார்கள். வெள்ளவத்தை ஃபிளாட்டும் அவள் பெயரில்தான். கரண்ட் பில் கட்டுவது பூபாலசிங்கம், சுவருக்கு என்ன நிறம் என்று சொல்வது நேசம்.

சுபோதினி பம்பலப்பிட்டியில் ஒரு கப்பல் கம்பனியில் கணக்குப் பார்த்தவள். கண் ஒரே நாளில் போகவில்லை. ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல இருட்டு உள்ளே வந்தது. கம்பியூட்டரில் ஒரு வரியை வாசிக்க நாலு தடவை கழுத்தைத் திருப்ப வேண்டி வந்தபோது வேலையை விட்டாள். அதற்குப் பிறகு மிச்சமிருந்த வெளிச்சமும் போய்விட்டது. வேலையை விட்ட நாளிலிருந்து அவளை ஒருவரும் தனியே விடவில்லை. கோயிலுக்கு அண்ணி, ஆஸ்பத்திரிக்கு அண்ணன், கடைக்கு யாரும் கூட்டிப் போவதில்லை, என்ன வேண்டும் என்று சொன்னால் வாங்கி வருவார்கள். கூட்டிப் போகிறவர்களும் பின்னால் நின்று தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். தள்ளாதீர்கள், உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று எத்தனை தடவை சொல்லியும் அந்தத் தள்ளல் நிற்கவில்லை. வெள்ளைப் பிரம்பு ஒன்று இருந்தது, மடித்துக் கைப்பைக்குள் வைக்கலாம். “லேனுக்குள்ள விரிக்காதை பிள்ளை. கோல் ரோட்டுக்குப் போய் விரி. இங்க எல்லாம் தெரிஞ்ச சனம்” என்பார் பூபாலசிங்கம். அவர் கெட்டவரில்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதே அவருக்கு ஒரு நோய்.

இந்த நிலைமையில்தான் அஸ்கா அந்த வேலையைப் பற்றிச் சொன்னாள்.

அஸ்கா மாளிகாவத்தைக்காரி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள், சுபோதினியைவிடப் பதினைந்து வயதாவது குறைவு, வாய் மட்டும் இருவருக்குப் போதுமானது. பேசும் ஃபோன் பழகும் வகுப்பொன்றில் இருவரும் சிநேகிதமானார்கள். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு சின்னப் பயிற்சி நிலையம், அங்கே அஸ்கா படிப்பித்துக்கொண்டிருந்தாள். புதிதாகப் பார்வை போனவர்களுக்குத் தமிழில் ஃபோன் பழக்க இன்னொருவர் தேவைப்பட்டார்.

“நீங்கதான் சரி அக்கா. கண் தெரிஞ்சிட்டு இல்லாமப் போன ஆக்களுக்கு நான் சொல்றது வெளங்குதில்ல. எனக்கு அவங்கட துக்கமும் வெளங்குதில்ல” என்றாள் அஸ்கா. “ஒரே ஒரு விஷயம் ஈக்கி. மிஸ் யாரையும் கூட்டிட்டு வர விடமாட்டா. தனிய வரணும், தனியப் போகணும். கையப் புடிச்சி வார ஆள் மத்த ஆக்களுக்கு என்னத்தப் படிச்சிக் குடுக்கிறதுண்டு கேப்பா.”

நிலையத்தை நடத்துகிற அந்த மிஸ் சொன்னதில் சுபோதினிக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்த வகுப்பு தொடங்கும் திங்கட்கிழமை காலை அவள் தனியாக அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். நின்றால் வேலை. இல்லாவிட்டால் மறுபடி அந்த அறை, அந்தக் கட்டில், யாராவது வெளிக்கிடும்போது “நீயும் வாறியோ” என்று ஒரு பேச்சுக்குக் கேட்கும் அந்தக் கேள்வி.

பஸ் பயமில்லை. மட்டக்குளிக்குப் போகிற நூற்றைம்பத்தைந்து வெள்ளவத்தையில் கடல்பக்கமாகவே வந்து நிற்கும், கொண்டக்டர் “மட்டக்குளிய, மட்டக்குளிய” என்று தொண்டை கிழியக் கத்துவான், ஏறி இருந்தால் கொட்டாஞ்சேனையில் இறக்கிவிடுவான். இறங்கிய பிறகுதான் கஷ்டம். அங்கிருந்து நிலையம் வரைக்கும் வழி சொல்ல ஒரு செயலி வேண்டும். செயலி என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டாலும் வீட்டில் எல்லோருக்கும் அது ‘அப்’தான்.

அங்கேதான் முதல் முடிச்சு விழுந்தது. ஃபோன் நேசத்தின் பெயரில் இருந்ததால், நேசத்தின் கடவுச்சொல் இல்லாமல் அதில் எதையும் புதிதாக இறக்க முடியாது. கடவுச்சொல்லைச் சொல்லவும் முடியாது, அதே கணக்கில் அவளுடைய பாங்க் கார்ட் இருக்கிறதாம். அவள் தன்னுடைய ஃபோனில் இறக்கினால் இங்கேயும் தானாக இறங்கும். ஆகவே கொட்டாஞ்சேனையில் நடப்பதற்கு எது நல்லதென்று முடிவெடுக்கும் பொறுப்பு, கொட்டாஞ்சேனையைக் கண்டு இருபது வருஷத்துக்கு மேலான ஒருத்தியிடம் போய்ச் சேர்ந்தது.

முதலில் நேசம் இறக்கியது கார் ஓட்டுகிறவர்களுக்கான வரைபட அப். “இங்க நாங்கள் எல்லாரும் இதைத்தான் பாவிக்கிறது” என்றாள். அதை வைத்துக்கொண்டு சுபோதினி தங்கள் லேனிலேயே நடந்து பார்த்தாள். தென்மேற்காகச் செல்லவும் என்றது. வெள்ளவத்தையில் யாருக்குத் தென்மேற்கு தெரியும்? இங்கே இருப்பது இரண்டே திசை, ஒன்று கடல்பக்கம், மற்றது ‘லேண்ட் சைட்’ என்கிற தரைப்பக்கம். ஓரமாக நிறுத்தியிருக்கும் வான், கடைக்காரன் நடைபாதையில் பரப்பியிருக்கும் வாளி, இது எதுவும் அதற்குத் தெரியாது. வந்துவிட்டீர்கள் என்று அது சொன்ன இடத்தில் ஒரு மதில்தான் இருந்தது.

அடுத்ததை அஸ்கா சொன்னாள். கமராவைத் திறந்தால் உலகத்தில் எங்கேயோ இருக்கிற கண் தெரிந்த ஒருவர் பார்த்து வழி சொல்வார். நேசம் அதை இறக்க ஒரு கிழமை எடுத்தாள். இறக்கித் தந்தபோது, சுபோதினி வாசலில் நின்று கூப்பிட, ஒரு வெள்ளைக்காரி மிக அன்பாக, உங்களுக்கு முன்னால் ஓர் அழகான மரம் இருக்கிறது என்றாள். மரத்தைத் தாண்டி எப்படிப் போவது என்று கேட்பதற்குள் நேசத்தின் அழைப்பு வந்து குறுக்கே விழுந்தது. அந்த அப் என்ன செய்கிறதென்று அப்போதுதான் வாசித்தாளாம், கண்ட கண்ட சனத்துக்கு வீட்டு வாசலைக் காட்டுகிறாயா என்று ஒரு பாட்டம் ஏசினாள். அன்றைக்கே அண்ணனைக் கொண்டு அதை அழிப்பித்தாள்.

மூன்றாவதற்கு சுபோதினி ஒரு பெயரே வைத்தாள், வாயாடி. இயர்ஃபோனை ஒரு காதில் செருகிக்கொண்டு நடந்தால் பக்கத்தில் வருகிற லேன், பாங்க், மருந்துக்கடை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வரும். அதைவிடப் பெரிய விஷயம், அதில் நாமே அடையாளம் வைக்கலாம். ஓர் இடத்தில் நின்று நம்முடைய குரலில் ஒரு சொல்லைச் சொல்லி வைத்தால், அடுத்த தடவை அந்த இடத்துக்குக் கிட்டப் போகும்போது அதைச் சொல்லும். இதை இறக்கித் தரச் சொல்லி சுபோதினி கிட்டத்தட்டக் கெஞ்சினாள். வயது நாற்பத்தெட்டு. ஆயிரம் கப்பல் கணக்கு முடித்த பெண், ஒரு அப்புக்காக அக்காவிடம் பிள்ளை மாதிரி நின்றது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“உனக்கு ஏன் தனியப் போற விசர்? அண்ணா சும்மாதானே இருக்கிறான், கூட்டிக்கொண்டு போகட்டுமன்” என்றாள் நேசம்.

“அண்ணா கூட்டிக்கொண்டு போனா வேலை இல்லை அக்கா.”

“அப்பிடி ஒரு வேலை என்னத்துக்கு?”

கடைசியில் இறக்கித் தந்தாள். நேசம் எதையும் ஒரேயடியாக மறுக்கமாட்டாள். ஆளைக் களைக்கப்பண்ணித்தான் தருவாள்.

அடுத்த முடிச்சு அப்போதுதான் வெளியே தெரிந்தது. அந்த ஃபோன் எங்கே இருக்கிறதென்று நேசத்தின் திரையில் ஒரு நீலப் புள்ளி காட்டும். இங்கே காலை என்றால் அங்கே முந்தின நாள் இரவு. வேலையால் வந்து, சாப்பிட்டு, கால் நீட்டியிருக்கும் நேரத்தில் நேசம் அந்தப் புள்ளியைப் பார்ப்பாள். புள்ளி அசைந்தால் எங்கே போகிறாய் என்று கேட்டு ஓர் அழைப்பு. நின்றால் ஏன் நிற்கிறாய் என்று இன்னோர் அழைப்பு. தனியாகப் போய்ப் பழகவென்று ஒரு காலை சுபோதினி எதிர்ப்பக்க மருந்துக்கடைக்குப் போக சனம் கடக்கிற மஞ்சள் கோட்டில் இறங்கி, காலி வீதியின், அந்தக் கோல் ரோட்டின், பாதியில் இருந்தபோது ஃபோன் அடித்தது. அழைப்பு வந்தால் வாயாடி வாயை மூடிக்கொள்ளும். காதுக்குள் மணி மட்டும் கேட்டது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்பதே அவளுக்குக் குழம்பிவிட்டது. பஸ்காரன் ஹோர்னை அழுத்திப் பிடித்தான். யாரோ ஒரு பெண் சிங்களத்தில் “பவ்” என்று பரிதாபப்பட்டுக்கொண்டு தோளைப் பிடித்துத் தள்ளி, வந்த பக்கத்துக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டாள். சுபோதினி அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, மருந்து வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் நேசத்துக்குப் போகும், போனால் புள்ளி இனி அசையவே கூடாது என்று உத்தரவு வரும்.

அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதியோடு கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கென்று வீட்டிலும் நேசத்திடமும் சொல்லி, அஸ்காவோடு போய் அடையாளம் வைத்தாள். இரண்டு பேரும் கைகோர்த்துக்கொண்டு, இரண்டு பிரம்பும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, சந்தியிலிருந்து நிலையம் வரைக்கும் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பூக்கடை என்று ஓர் அடையாளம். கான் மூடி உடைந்திருக்கிறது, வடிகாலுக்குள் விழாமல் வலப்பக்கம் ஒதுங்கு என்று ஒன்று. வெல்டிங் மணம் வந்தால் தாண்டிவிட்டாய் என்று ஒன்று. ஓர் இடத்தில் நாய் ஒன்று படுத்திருந்து இருவரையும் விழுத்தப் பார்த்தது. அஸ்கா ஃபோனைப் பிடுங்கி, அந்த நாயைப் பற்றி ஒரு வசனம் சொல்லி வைத்தாள், அதை எழுத முடியாது. சுபோதினி எத்தனையோ நாளுக்குப் பிறகு வயிறு நோகச் சிரித்தாள்.

திங்கட்கிழமை வந்தது. பூபாலசிங்கத்திடம் முதல்நாள் இரவுதான் சொன்னாள். அவர் “நேசத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?” என்று மட்டும் கேட்டார். தங்கை விழுந்துவிடுவாளோ என்று அவர் கேட்கவில்லை. வீடு அக்காவின் பெயரில் இருக்கும்போது மனிதனுக்கு எந்தப் பயம் முந்தி வரும் என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

பஸ் சரியாக வந்தது, கொண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிட்டான். சுபோதினி காதுக்குள் வாயாடியைத் திறந்து, பிரம்பை நீட்டிப் பூக்கடை என்ற தன் குரலுக்காகக் காத்து நின்றாள். குரல் வரவில்லை. கொஞ்சம் நடந்தாள். ஒரு பாங்கின் பெயரைச் சொன்னது, ஒரு வீதியின் பெயரைச் சொன்னது, அவ்வளவுதான். விரலால் தேடித் தேடிப் பார்த்தாள். அவள் வைத்த அடையாளம் ஒன்றுகூட இல்லை. அஸ்காவின் நாயும் இல்லை. எந்தத் திசையில் வந்தாள் என்பதும் இப்போது நிச்சயமில்லை. சனம் இருபக்கமும் முட்டிக்கொண்டு போனது, முச்சக்கரவண்டிக்காரர்கள் “கொஹேத யன்னே அக்கே” என்று எங்கே போவதென்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு கடையின் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஃபோன் அடித்தது. வேறு யார்.

“ஏன் அதில நிக்கிறாய்?”

“அக்கா, அந்த அப்பில நான் வச்ச அடையாளம் எல்லாத்தையும் காணேல்லை.”

“எது? கான் மூடி, வெல்டிங் மணம் எண்டெல்லாம் கிடந்ததே, அதோ?” நேசத்தின் குரலில் ஒரு கள்ளமும் இல்லை. “என்ர ஃபோனிலயும் வந்து கிடந்தது. ஒண்டில ஒரு பெட்டை கெட்ட வார்த்தை கதைக்குது. ஏதோ வைரஸ் எண்டு நினைச்சு முழுக்க அழிச்சுப்போட்டன். அதில நில்லு, நான் அண்ணாவுக்குச் சொல்லுறன்.”

“வேண்டாம் அக்கா. நான் விசாரிச்சுப் போறன்.”

“அசையாதை எண்டு சொல்லுறனெல்லே.”

அவள் அசையாமல் நின்றாள். அதை நினைத்துத்தான் பிறகு அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பக்கத்தில் போகிற யாரையாவது கேட்டிருக்கலாம், அஸ்காவைக் கூப்பிட்டு வழி கேட்டுப் போயிருக்கலாம். ஆனால் அக்கா அசையாதே என்றால் அசையாமல் நிற்பது நாலு வயதிலிருந்து வந்த பழக்கம், கால் அவளைக் கேட்காமலே நின்றுவிட்டது. பூபாலசிங்கம் முச்சக்கரவண்டியில் வந்து, தோளைப் பிடித்துத் தள்ளி ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்தார். நிலையத்துக்கு அவள் எவ்வளவு கிட்ட நின்றாள் என்று பின்னேரம் அஸ்கா சொன்னபோது, சுபோதினி ஃபோனைக் கட்டிலில் எறிந்தாள்.

“அடுத்த வகுப்பு வரைக்கும் பாக்கிறன்டு சொல்றா மிஸ்” என்றாள் அஸ்கா. “அதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வராது அக்கா.”

அதன்பிறகு சுபோதினி நேசத்திடம் நேரே கேட்டாள். இந்த ஃபோனிலிருந்து உன் பெயரை எடுத்துவிடு, அல்லது கடவுச்சொல்லைத் தா, என் பெயரில் மாற்றிக்கொள்கிறேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்து, சொல்ல வேண்டியதை மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். சண்டை வரவில்லை. நேசத்தின் குரல் அழுகையாக வந்தது.

“சுபோ, பிள்ளையள் ரெண்டும் தங்கட தங்கட வீட்டில. அத்தான் போனாப் பிறகு இந்த வீட்டில எனக்கு ஆர் இருக்கினம்? வேலையால வந்து ஃபோனைத் திறந்தா நீ அங்க இருக்கிறது தெரியும். அறையில இருப்பாய். குசினிக்குச் சாப்பிடப் போவாய். அந்தப் புள்ளியைப் பாத்துக்கொண்டுதான் நான் நித்திரை கொள்ளுறது. அதையும் பறிக்கப்போறியோ?”

ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம். பூட்டுப் போட்டவள் கெட்டவளாக இருந்தால் பூட்டை உடைக்கலாம், அழுகிறவளை என்ன செய்வது? சுபோதினி “இல்லை அக்கா, அழாதை” என்று சொல்லித் தேற்றி வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தானும் அழுதாள். அந்த அறைக்குள் இருப்பதும் புள்ளியாக அங்கே தெரியும் என்று நினைவு வந்தபோது, அழுவதற்குக்கூடத் தனியான இடம் இல்லை என்று தோன்றியது.

அந்தக் கிழமைக்குள் அவள் அஸ்காவிடம் சொல்லி நப்ரீஸைப் பிடித்தாள். அஸ்காவின் மச்சான், மாளிகாவத்தையில் பழைய ஃபோன் வாங்கி விற்கிறவன். அவன் கொண்டுவந்தது வேறு ஜாதி ஃபோன், மூலையில் கண்ணாடி வெடித்திருந்தது. வெடிப்பு அவளுக்கு ஒரு பொருட்டில்லை. அதைத் திறந்து வைத்துக்கொண்டு நப்ரீஸ் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

“யார்ட பேர்ல போடணும் தாத்தா?” மூத்த பெண்களை முஸ்லிம் ஆட்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், அஸ்காதான் இவளுக்காக அக்கா என்று மாற்றிக்கொண்டவள்.

“என்ர பேரில” என்றாள் சுபோதினி. அவன் தட்டத் தட்ட ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். கடவுச்சொல் போடும்போது அவனை அந்தப் பக்கம் திரும்பி இருக்கச் சொன்னாள். கண் தெரிந்த காலத்தில் இந்த வேலையைப் பத்து தடவை செய்திருப்பாள், ஒன்றும் நினைத்ததில்லை. இன்றைக்கு விரல் வேர்த்தது.

வாயாடி இந்த ஜாதி ஃபோனில் ஓடாதென்று அப்போதுதான் தெரிந்தது. கிடைத்தது வேறொன்று, மந்தம். நடக்கும்போது அது பாட்டுக்குப் பேசாது, நின்று ஃபோனை ஒரு தட்டுத் தட்டினால்தான் வாயைத் திறக்கும். சில நேரம் எதிர்ப்பக்கக் கடையை இந்தப் பக்கம் என்று சொல்லும். அடையாளம் வைக்கலாம், குரலில் இல்லை, எழுதித்தான் வைக்கலாம். வாயாடியோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாதது. சுபோதினி அதைத்தான் தெரிந்தெடுத்தாள். அது பிழை சொன்னாலும் அவளுக்கு மட்டும்தான் சொல்லும், அவள் எழுதி வைத்ததை அவளைத் தவிர ஒருவரும் அழிக்க முடியாது. எது நல்ல அப் என்று இன்றைக்கும் வகுப்பில் யாராவது கேட்டால் அவள் சொல்கிற பதிலில் இந்தக் காரணம்தான் முதலில் வரும்.

மறுபடி ஞாயிற்றுக்கிழமைகள், மறுபடி கான் மூடி, வெல்டிங் மணம். வெள்ளவத்தைக்குத் திரும்பி வரும்போது லேண்ட் சைடில் இறங்கிக் காலி வீதியைக் கடக்கவும் பழகிக்கொண்டாள். இந்தத் தடவை ரொறன்ரோ ஃபோனைக் கொண்டுபோகவில்லை. கட்டிலில், தலையணைக்குப் பக்கத்தில், சார்ஜில் போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த வகுப்பு தொடங்கிய காலை அவள் தனியாகப் போய் அந்த வாசலில் நின்றாள். ஒரு தடவை வழி தவறி வெல்டிங் கடைக்குள்ளேயே போய்விட்டாள், அவர்கள் தீயை நிறுத்திவிட்டு வழி சொன்னார்கள். வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது மிஸ் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. “லேட். நாளைக்கு நேரத்துக்கு வாங்க” என்றார். அதைக் கேட்க சுபோதினிக்கு இனித்தது. அவளை நேரத்துக்கு வரச்சொல்லி யாரும் சொல்லிப் பல வருஷம்.

வீட்டில் பூபாலசிங்கத்துக்குத் தெரியும். புது ஃபோனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நேசத்திட்டச் சொல்லாதை பிள்ளை” என்றார். அவரால் முடிந்த உதவி அதுதான். நேசம் பின்னேரங்களில் வழமைபோல ரொறன்ரோ ஃபோனுக்கு எடுப்பாள், சுபோதினி வகுப்பால் வந்து எடுத்துக் கதைப்பாள். எல்லாம் சுமுகமாகப் போனது. தப்பிவிட்டேன் என்று கூட நினைத்தாள்.

அப்படி ஒரு பின்னேரம் நேசம் சொன்னாள், “சுபோ, இப்ப நீ வெளிக்கிடுறதே இல்லை என்ன? நல்ல பிள்ளை. கட்டிலை விட்டு அசையாமக் கிடக்கிறாய். பாக்கப் பாக்க எனக்கு மனம் குளிருது.”

“ம்” என்றாள் சுபோதினி.

அந்த இரவு அவளுக்குப் பொல்லாத இரவாகப் போனது. பொய் சொல்கிறோம் என்பது உறுத்தியது, ஆனால் அதைவிட வேறொன்று குடைந்தது. அக்காவுக்குப் பிடித்த தங்கை எது என்று இப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டது. கட்டிலில் அசையாமல் கிடப்பது. அவள் வேலைக்குப் போகிறாள், ரோட்டைக் கடக்கிறாள், அழுகிற ஆட்களுக்கு ஃபோன் பழக்கிச் சிரிக்க வைக்கிறாள், இதில் ஒன்றுகூட அக்காவுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிற ஒரு கண்ணாடித் துண்டு. அதைத்தான் மனம் குளிரப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸால் இறங்கியதும், ஓரமாக ஒதுங்கி நின்று தன்னுடைய ஃபோனிலிருந்து நேசத்துக்கு எடுத்தாள். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும்.

“ஆரது?”

“நான் சுபோ.”

“இது ஆற்ற நம்பர்?”

“என்ர நம்பர். அக்கா, உன்ர ஃபோனில நான் இப்ப எங்க நிக்கிறன் எண்டு பார்.”

“பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். வீட்டில. உன்ர அறையில.” பக்கத்தில் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. நேசத்தின் குரல் மாறியது. “அது என்ன சத்தம்?”

“நான் கொட்டாஞ்சேனைச் சந்தியில நிக்கிறன். ஒவ்வொரு நாளும் வாறனான். வேலை கிடைச்சு மூண்டு கிழமையாச்சு. நீ அனுப்பின ஃபோன் கட்டிலில கிடக்கு.”

மறுமுனையில் திரையை நகத்தால் தட்டும் சத்தம் கேட்டது.

“அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரைப் பாத்துக்கொண்டிருந்தனான்?” என்றாள் நேசம்.

ஏசுவாள், கத்துவாள், அண்ணனை வீட்டைவிட்டு எழுப்புவாள் என்று எல்லாவற்றுக்கும் சுபோதினி பதில் வைத்திருந்தாள். அக்கா கேட்டது வேறொன்று.

“ஒருத்தரையும் இல்லை அக்கா.”

நேசம் அழுதாள். சத்தமாக அழவில்லை, மூச்சு இழுபடுவதுதான் கேட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சரி அக்கா, நாளையிலிருந்து அந்த ஃபோனையும் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லச் சுபோதினிக்கு வாய் துடித்தது. சொன்னால் அக்கா அழுகையை நிறுத்துவாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“பக்கத்தில ஆர் நிக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“உனக்குப் பயமில்லையோ சுபோ?”

“பயம்தான். ஒவ்வொரு நாளும் பயம்தான்.”

“அப்ப நான் இனி ராவில எதைப் பாக்கிறது?”

“தெரியேல்லை அக்கா” என்றாள் சுபோதினி. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. “எனக்கு வகுப்புக்கு நேரமாகுது. வைக்கிறன்.”

“வைக்காதை” என்றாள் நேசம்.

சுபோதினி வைத்தாள்.